கரண்ட் வண்டிக்கு லைசென்ஸ் எதுக்குங்க?

மாஸ்டர் பதில்கள்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் 28 வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தினேன். எம்.80 வண்டியில் எட்டுப் போடவைத்தே பாதி ஊருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவன். கையால் கியர் மாற்றும் வண்டி டெஸ்டுக்கு ஆகாது, காலால் மாற்றும் வண்டிதான் வேண்டும் என்று 2024-இல் கேரளத்தில் சொல்லிவிட்டார்கள். என் எம்.80 இப்போது கொட்டகையில் நிற்கிறது, இரவானால் கோழிகள் ஏறி உட்காரும். நான் போவது வருவதெல்லாம் கரண்ட் ஸ்கூட்டரில். அது தெரிந்தோ என்னவோ, இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி கரண்ட் வண்டியைப் பற்றித்தான். சரி, அதையே எடுத்துக்கொள்வோம்.

கேள்வி: மாஸ்டர், வேலந்தாவளத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பத்தாவது படிக்கும் மகள் டியூஷன் போய்வர 62,000 ரூபாய்க்கு கரண்ட் ஸ்கூட்டர் எடுத்தோம். லைசென்ஸ், நம்பர், இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னார். போன வாரம் வழியில் நிறுத்திய அதிகாரி, "இது 40-க்கு மேல் ஓடுகிறது, நம்பர் எங்கே?" என்று கேட்டு, அடுத்த முறை வண்டியைப் பிடித்துக்கொண்டு போவதாகச் சொன்னாராம். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, வேலந்தாவளம்

பதில்: இரண்டு பேருமே சரி, அம்மணி. கடைக்காரர் சொன்னது அந்த வண்டி கம்பெனியை விட்டு வந்த நாளுக்குச் சரி. அதிகாரி சொன்னது அது இன்று ரோட்டில் ஓடுகிற ஓட்டத்துக்குச் சரி.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் வந்தவை. அதில் பேட்டரி வண்டிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் கீழே, அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, எடை பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மிகாமல் இருந்தால் அது சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை. சைக்கிள் மாதிரிதான். அதனால் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் கேட்க முடியாது. ஆனால் இதைக் கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. அரசு அங்கீகரித்த சோதனை நிலையம் ஒன்று வண்டியைச் சோதித்துச் சான்று தந்திருக்கவேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட் என்று சில நிலையங்கள் உண்டு. வண்டி வாங்கும்போது அந்தச் சான்றின் நகலைக் கேட்டு வாங்கினீர்களா? பத்துப் பேரில் ஒன்பது பேர் வாங்குவதில்லை. சீட் கவரை இலவசமாகக் கேட்டு வாங்குவார்கள், இதை விட்டுவிடுவார்கள்.

25-க்குள் ஓடவேண்டிய வண்டி 40 எப்படிப் போகும்? அங்கேதான் சூது. வேகத்தைக் கட்டுப்படுத்த கன்ட்ரோலரில் ஒரு இணைப்பு இருக்கும். அதைக் கழற்றிவிட்டாலோ மாற்றிக் கொடுத்தாலோ வண்டி பிய்த்துக்கொண்டு போகும். சில வண்டிகளில் மோட்டாரே பெரிதாக இருக்கும், காகிதத்தில் மட்டும் 250 வாட். கேரள மோட்டார் வாகனத் துறை 2023-இல் ஷோரூம்களுக்குள்ளேயே போய்ச் சோதனை நடத்தியது இதனால்தான். சான்றில் உள்ளபடி இருக்கிற வண்டி எதுவும் செய்யாமல் 40 போக வழியே இல்லை. ஒன்று கடையில் செய்து கொடுத்திருப்பார்கள், இல்லையென்றால் மகளுடைய கூட்டாளிகள் யாராவது மெக்கானிக்கிடம் காட்டியிருப்பார்கள்.

அப்படிச் செய்த நிமிடமே வண்டி மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. ஆனால் கையில் ஆர்.சி. இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, ஓட்டுகிற பிள்ளைக்கு லைசென்ஸும் இல்லை. பதிவில்லாத வண்டிக்குச் சட்டத்தில் 2,000-க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. வண்டியின் அமைப்பை மாற்றியதற்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000, அல்லது 6 மாதம் வரை சிறை. இதையெல்லாம்கூடக் கட்டித் தீர்த்துவிடலாம். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு அப்படி இல்லை. 18 வயது ஆகாத பிள்ளை மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கும் வண்டிச் சொந்தக்காரருக்கும் 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. காலேஜ் முடித்து வேலைக்குப் போகிற வயதில் அது உங்கள் மகளை எப்படி முடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். என் மச்சான், தங்கச்சி வீட்டுக்காரர், இப்படித்தான் ஒரு வண்டி எடுத்தார். எந்தக் கடை என்று சொல்லமாட்டேன், கடையும் இப்போது இல்லை. "கட்டவிழ்த்துத் தரவா?" என்று கேட்டார்களாம். இவரும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டார். விடியற்காலையில் பாலுக்குப் போகும்போது ரோட்டைக் கடந்த ஒரு பெரியவரை இடித்துவிட்டார். பெரியவருக்குத் தொடை எலும்பு முறிவு, ஆஸ்பத்திரிச் செலவு 48,000 ரூபாய். இன்சூரன்ஸ் இருந்திருந்தால் முறைப்படி கேட்டிருக்கலாம். இல்லாததால் கறவையில் இருந்த இரண்டு மாட்டில் ஒன்றை விற்றுக் கட்டினார். "உங்கண்ணன் டிரைவிங் ஸ்கூல் வெச்சிருந்தும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல" என்று தங்கச்சியிடம் இன்றைக்கும் என்னைத்தான் குறை சொல்வார். அவர் கேட்கவே இல்லை என்பதைச் சபையில் சொல்ல எனக்கு மனது வரவில்லை.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். சமதளமான ரோட்டில் பெரியவர் ஒருவர் வண்டியை முழு வேகத்தில் ஓட்டட்டும். வண்டியில் உள்ள மீட்டரை நம்பாமல், பின்னால் உட்காருகிறவர் போனில் ஜி.பி.எஸ். வைத்து வேகத்தைப் பாருங்கள். 25-ஐத் தாண்டினால் கடைக்கே கொண்டுபோய்ப் பழையபடி ஆக்கச் சொல்லுங்கள். சான்றின் நகலையும் வாங்கி சீட்டுக்கு அடியில் வையுங்கள். கடைக்காரர் முரண்டு பிடித்தால் நுகர்வோர் ஆணையத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். அதுவரை மகள் பஸ்ஸில் போகட்டும்.

அப்புறம், 25-க்குள் ஓடும் வண்டிக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை. என்றாலும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள். தார் ரோட்டுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது.

கேள்வி: என் ஸ்கூட்டர் தமிழ்நாட்டுப் பதிவு, பச்சை நம்பர் பிளேட். தினமும் கோபாலபுரம் தாண்டி பாலக்காடு பக்கம் வேலைக்கு வருகிறேன். அடுத்த மாநில வண்டிக்குக் கேரளக் கேமரா அபராதம் போடுமா? மனைவியும் ஆறு வயது மகனும் கூட வந்தால் மூன்று பேர் கணக்கா?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: கேமராவுக்குத் தமிழ்நாடு, கேரளம் என்று வித்தியாசம் தெரியாது தம்பி. நம்பர் பிளேட்டைப் படிக்கும், நாடு முழுக்க வண்டிப் பதிவு விவரம் வைத்திருக்கும் வாகன் தளத்தில் உங்கள் போன் நம்பர் இருக்கும், மெசேஜ் வந்துவிடும். கேரளம் முழுக்க 726 கேமரா வைத்தார்கள். அதில் 675 கேமராக்கள் ஹெல்மெட், சீட் பெல்ட் பார்க்கிறவை. 2023 ஜூன் 5 முதல் அபராதம் போட ஆரம்பித்தார்கள். முதல் மாதம் எங்கள் ஊர்க்காரர்கள் கேமரா இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்து, அங்கே மட்டும் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்து, தாண்டியதும் கையில் மாட்டிக்கொண்டு போனார்கள். முழங்கைக்கு ஹெல்மெட் போட்ட ஒரே நாடு நம்முடையதாகத்தான் இருக்கும்.

பச்சை பிளேட்டில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த உபயோகத்துக்கான பதிவுபெற்ற மின்வண்டி. மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி. ரோட்டு விதிகளில் அந்தப் பச்சைக்கு எந்தச் சலுகையும் கிடையாது, ஹெல்மெட் முதல் இன்சூரன்ஸ் வரை எல்லாம் பெட்ரோல் வண்டிக்கு உள்ளதுதான். சட்டம் ஒன்று, தொகைதான் எல்லைக்கு எல்லை மாறுகிறது. ஹெல்மெட் இல்லாவிட்டால் மத்தியச் சட்டத்தில் 1,000 ரூபாய். கேரளம் 2019-இல் அதை 500 ஆகக் குறைத்துக்கொண்டது, தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து 1,000. ஆக ஒரே மண்டைக்குப் பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு விலை, இந்தப்பக்கம் ஒரு விலை. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும், 4 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் வேண்டும்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவரைத்தான் அனுமதிக்கிறது. கேமரா வந்தபோது கேரளத்தில் பெற்றோர் கூப்பாடு போட்டதால், 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை மூன்றாவது ஆளாக வந்தால் இப்போதைக்கு அபராதம் போடவேண்டாம் என்று அப்போதைய போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். சட்டத்தைத் திருத்தவில்லை, அபராதத்தை நிறுத்தி வைத்தார்கள், அவ்வளவுதான். அதை நம்பி பொள்ளாச்சி ரோட்டில் மூன்று பேர் போய்விடாதீர்கள். ஸ்கூட்டரின் கால் வைக்கிற பலகையில் பையனை நிறுத்திக் கூட்டிப் போவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தால் முதலில் ஹேண்டிலில் போய் மோதுவது அவன் தாடைதான்.

கேள்வி: மாஸ்டர் கோவிச்சுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நானும் பங்காளியும் சித்தூர் பக்கம் கள்ளுக்கடைக்கு வருவோம். கள்ளு லேசானதுதான், வண்டியும் கரண்ட் வண்டி, மெதுவாகத்தான் ஓட்டுவோம். இதற்கெல்லாம் ஊதச் சொல்வார்களா?
— பெயர் வேண்டாம், ஆனைமலை

பதில்: கோபம் இல்லை, சிரிப்புத்தான் வருகிறது. தமிழ்நாட்டில் 1987-இலிருந்து கள்ளுக்குத் தடை. சித்தூர் தாலுகாவில் இறங்குகிற கள்ளு கேரளத்தின் பல மாவட்டங்களுக்குப் போகிறது. எனவே ஞாயிற்றுக்கிழமை மீனாட்சிபுரம் ரோட்டில் எதிரே வருகிற வண்டி எதற்கு வருகிறது என்று எங்களுக்கும் தெரியும், நிறுத்துகிற அதிகாரிக்கும் தெரியும்.

ஊதச் சொல்வார்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். அது கள்ளிலிருந்து வந்ததா, பிராந்தியிலிருந்து வந்ததா என்று கருவி கேட்பதில்லை. காலையில் இறக்கிய கள்ளு லேசு என்பார்கள். வெயில் ஏற ஏற பானைக்குள் புளித்துக்கொண்டே போகும் அதே கள்ளு மத்தியானம் வேறு ஆள். முதல் தடவை 10,000 ரூபாய், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 15,000, அல்லது 2 வருடம் வரை. பதிவுபெற்ற கரண்ட் வண்டிக்கு இதில் ஒரு எழுத்துக்கூட மாற்றம் இல்லை. போதையில் வண்டியைக் கவிழ்த்து உடைத்தால் அந்தச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனியும் கையை விரித்துவிடும்.

உங்களில் புத்திசாலி ஒருவர், "25-க்குள் ஓடும் வண்டி மோட்டார் வாகனமே இல்லையே, அப்ப?" என்று கேட்பார். இதையும் என்னிடம் ஒருவர் டீக்கடையில் கேட்டார். மோட்டார் வாகனச் சட்டம் விட்டாலும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவு விடாது. பொது வழியில் எந்த வாகனத்தையும் ஆபத்தாக ஓட்டினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். மாட்டுவண்டிக்கும் அதுவேதான். பங்காளி இருவரில் ஒருவர் குடிக்காமல் வரட்டும். அதற்கு மனசில்லை என்றால் பஸ் இருக்கிறது. குப்பியில் ஊற்றிக்கொண்டு எல்லை தாண்டுவது வேறு வழக்கு, அது என் பாடத்தில் இல்லை.

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் குடியிருக்கிறோம். தமிழ்நாட்டில் மின்வண்டிக்குச் சாலை வரி இல்லை என்கிறார்கள். கோவையில் மாமா வீட்டு விலாசத்தில் வாங்கிப் பதிவு செய்துகொள்ளலாமா?
— ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போலிருக்கிறதே! தமிழ்நாடு சில வருடங்களாக மின்வண்டிக்கு வரி விலக்குக் கொடுத்து வந்திருப்பது உண்மை. கேரளத்தில் வரி உண்டு. வாங்குகிற அன்று இரண்டு பக்கமும் விசாரித்துக்கொள்ளுங்கள், இந்தச் சலுகைகள் அடிக்கடி மாறும். ஆர்.சி. கட்டணம் 2021 ஆகஸ்டிலிருந்து நாடு முழுக்க மின்வண்டிக்கு இல்லை. ஆக மிச்சம் பிடிக்கப்போவது வரியை மட்டும்தான்.

நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்களோ, வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ, அந்த மாநிலத்தில்தான் பதிவு செய்யவேண்டும் என்கிறது 40-ஆவது பிரிவு. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கத்து நம்பர் வாங்கவேண்டும். அப்போது வரியும் கட்டவேண்டும். மாமா வீட்டுக்கு அலைந்ததும், மாமிக்கு வாங்கிப் போன பலகாரமும் வீண். புதுச்சேரி விலாசத்தில் சொகுசுக் கார்களைப் பதிவு செய்து கேரளத்தில் ஓட்டியவர்கள் கோர்ட்டு வரை அலைந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். உங்கள் ஸ்கூட்டருக்கு அந்த மாதிரிப் பெருமை வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 52. இதுவரை வண்டி ஓட்டியதில்லை. கரண்ட் ஸ்கூட்டர் ஓட்ட ஆசை. இந்த வயதில் லைசென்ஸ் தருவார்களா?
— ஒரு அங்கன்வாடி ஆசிரியை, கோவிந்தாபுரம்

பதில்: தாராளமாகத் தருவார்கள். 40 தாண்டியவர்கள் டாக்டரிடம் 1ஏ படிவத்தில் சான்று வாங்கவேண்டும், அது ஒன்றுதான் கூடுதல் வேலை. கியர் இல்லாத வண்டி என்ற வகையில் விண்ணப்பியுங்கள். எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசென்ஸ் வாங்கி 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம், அந்த எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். உங்கள் வயதுக்கு லைசென்ஸ் 60 வரை ஓடும், அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கவேண்டும்.

என்னிடம் படித்த பெண்களில் 50-ஐத் தாண்டியவர்கள்தான் சீக்கிரம் எட்டுப் போட்டார்கள். இளவட்டங்கள் ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டுத்தான் பிறகு ரோட்டைப் பார்க்கும். கரண்ட் வண்டியில் ஒன்று மட்டும் கவனம். பெட்ரோல் வண்டி கிளம்பினால் சத்தம் கேட்கும். இது ஸ்டார்ட்டில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. சாவியைத் திருப்பிவிட்டு இறங்கி நின்று கைப்பிடியைப் பிடித்து வண்டியைத் தள்ளுவார்கள், அது ஓடிப்போய்ச் சுவரில் முட்டும். எனக்கே என் வீட்டுத் துளசி மாடத்தில் நடந்தது. இறங்குவதற்கு முன்னால் சாவியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: "உங்கள் வண்டிக்கு அபராதம், இந்த ஆப்பை இறக்கிக் கட்டுங்கள்" என்று வாட்ஸப்பில் வருகிறதே?
— ஒரு வாசகர், வண்ணாமடை

பதில்: இறக்காதீர்கள். ஏ.பி.கே. என்று முடிகிற கோப்பை அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கிற கூட்டம் அது. உண்மையான செலான் என்றால் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே வண்டி நம்பரைப் போட்டால் தெரியும், படமும் இருக்கும். அங்கே இல்லையென்றால் மெசேஜை அழித்துவிடுங்கள்.

கேள்வி: ஆடி மாதம் கரண்ட் ஸ்கூட்டர் காற்றுக்கு நிற்காது என்கிறார்களே, உண்மையா? சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா?
— ஒரு வாசகி, வாளையார்

பதில்: காற்றுக்குச் சட்டம் இல்லை, அம்மணி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் அடிக்கிற காற்று என்னையே ஒருமுறை வயல் வரப்புக்குத் தள்ளிவிட்டது, நான் 74 கிலோ. 25-க்குள் ஓடும் வண்டிகள் எடை குறைவு, சக்கரமும் சின்னது, அவை இன்னும் ஆடும். வாளையார் நான்குவழிச் சாலையில் லாரி உங்களைத் தாண்டும்போது காற்று ஒரு நொடி நிற்கும், லாரி போனதும் பக்கவாட்டில் ஓங்கி அறையும். அப்போதுதான் விழுவார்கள். லாரி வருவதைக் கண்ணாடியில் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் பெரிய பெட்டி வைத்த வண்டி பாய்மரம் மாதிரி, ஆடி முடியும் வரை பெட்டியைக் கழற்றி வையுங்கள். காற்றை எதிர்த்துப் போகும்போது சார்ஜும் கிடுகிடுவென்று இறங்கும். கேரளத்தில் இருசக்கர வண்டிக்கு 2023 ஜூலையிலிருந்து உச்சவேகம் 60. ஆடிக்காற்றில் எதிரே போகிற கரண்ட் வண்டிக்கு அந்த விதியை மீற முடிந்தால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

இன்னொன்று, ரோட்டில் மயில். பெட்ரோல் வண்டிச் சத்தத்துக்கு விலகிப் பழகிய மயிலுக்கும் ஆட்டுக்கும் நாம் வருவது தெரிவதே இல்லை. நானும் விடியற்காலையில் ஹாரன் அடித்துக்கொண்டேதான் போகிறேன். அது பிடிக்காமல் எங்கள் தெருவில் இரண்டு பேர் என்னிடம் பேசுவதில்லை.